அல்-அஸ்ஹரில் படித்த யூதர்: ஹதீஸ்களை ஆராய்ந்த கோல்ட்சிஹர் பெயர் இன்றும் ஏன் சர்ச்சையில் அடிபடுகிறது?

ஒரு மதத்தை, அந்த மதத்தில் பிறக்காத ஒருவர் ஆராயலாமா? ஆராய்ந்துவிட்டுக் குறையும் சொல்லலாமா? இஸ்லாம் விஷயத்தில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். வெளியாள் எழுதியதா, அப்படின்னா அது சதிதான் என்பது ஒன்று. சும்மா கேள்விதானே கேட்டேன், அதுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பது இன்னொன்று. இரண்டு பதிலுமே பேச்சை அங்கேயே முடித்துவிடும்.

இந்த இரண்டிலும் அடக்க முடியாத ஒருவர் இக்னாஸ் கோல்ட்சிஹர். ஹங்கேரியில் 1850-ல் பிறந்தார். 1921-ல் இறந்தார். கடைசி வரை யூதராகவே வாழ்ந்தார். மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் இன்று இஸ்லாமிய ஆய்வு என்று தனியாக ஒரு துறை இருக்கிறது என்றால், அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் இவர். அதே நேரம், நபிமொழித் தொகுப்புகளைப் பாதுகாத்து முஸ்லிம் அறிஞர்கள் எழுதிய மறுப்பு நூல்களில் அதிகம் அடிபடும் பெயரும் இவருடையதுதான்.

நண்பரா, எதிரியா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பாகக் கேட்கப்படுகிறதோ என்று தோன்றும்.

முதல் கத்தி சொந்த வீட்டில்தான்

செகெஷ்ஃபெஹெர்வார் என்ற ஊரில் தோல் வியாபாரம் செய்த யூதக் குடும்பம். பையன் சின்ன வயதிலேயே எபிரேயத்தில் வேதமும் தல்மூதும் படித்தான். 12 வயதில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டான். யூதர்களின் பிரார்த்தனைகள் எப்போது, எப்படி உருவாயின என்பதுதான் அதன் விஷயம். பிரார்த்தனைகள் காலப்போக்கில் வளர்ந்தவை என்று ஒரு சிறுவன் எழுதியதை ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ரசிக்கவில்லை. மதநம்பிக்கை இல்லாதவன் என்ற முத்திரை அப்போதே விழுந்தது.

இந்தச் சம்பவத்தைக் குட்டி மேதையின் கதை என்று கடந்துபோய்விடக் கூடாது. ஒரு மதத்தின் நூல்கள் தங்களுக்கு முந்தைய காலத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதோடு, அவற்றை எழுதியவர்களின் காலத்தைப் பற்றியும் என்ன சொல்கின்றன என்று பார்க்கிற பழக்கம் 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய யூத அறிஞர்களிடம் வளர்ந்து வந்தது. ஆபிரகாம் கெய்கர் போன்றவர்கள் அதில் முன்னோடிகள். கோல்ட்சிஹர் பின்னாளில் ஹதீஸ்கள் மீது பயன்படுத்திய கருவி இதேதான். யாரோ ஒருவரின் மதத்தை அறுக்க அவசரமாகத் தீட்டிய கத்தி இல்லை. முதலில் சொந்த வீட்டில் பயன்படுத்திப் பார்த்து, அதற்காகத் திட்டும் வாங்கிய கத்தி.

1876-ல் எபிரேயர்களின் தொன்மங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பைபிளின் ஆதிகால முன்னோர்கள் கதைகளில் சூரியன், இரவு போன்ற இயற்கைத் தொன்மங்களின் சாயல் இருக்கிறது என்றார். அந்தக் கோட்பாடு இன்று காலாவதி ஆகிவிட்டது. ஆனா அன்று யூத சமூகத்திலேயே அவருக்குப் பெரிய கெட்ட பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது அதுதான்.

குருவும் சீடரும்: இரண்டு விதப் பயணங்கள்

16 வயதிலேயே பெஸ்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அவருக்குக் கீழை மொழிகளைச் சொல்லிக்கொடுத்தவர் ஆர்மின் வாம்பெரி. இந்த வாம்பெரி ஒரு சினிமாக் கதாபாத்திரம் மாதிரியான ஆள். 1863-ல் துருக்கிய தர்வேஷ் வேடம் போட்டுக்கொண்டு, யாத்ரீகர்களோடு யாத்ரீகராக கீவா, புகாரா, சமர்கந்து வரை போய்வந்தார். திரும்பி வந்து எழுதிய பயணநூலால் லண்டனில் ஹீரோ ஆனார்.

சீடர் வேறு வழியில் போனார். கல்வி அமைச்சர் யோஷெஃப் எட்வெஷ் கொடுத்த அரசு உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போய், லைப்சிக்கில் ஃபிளைஷர் என்ற பெரிய அரபு மொழி அறிஞரிடம் படித்து, 1870-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 20 கூட ஆகவில்லை. பிறகு 1873 செப்டம்பரில் கிழக்கே கிளம்பினார். இஸ்தான்புல், பெய்ரூட், டமாஸ்கஸ், கடைசியாக கெய்ரோ.

கெய்ரோவில் அவர் கேட்டது அதுவரை ஐரோப்பியர் யாரும் கேட்டு வாங்காத ஒன்று: அல்-அஸ்ஹரில் மாணவனாகச் சேர அனுமதி. எகிப்தின் அமைச்சர் ரியாள் பாஷாவின் பரிந்துரையோடு அஸ்ஹரின் தலைமை ஷேக்கைப் போய்ப் பார்த்தார். மதம் மாறவில்லை. மாறியதாக நடிக்கவும் இல்லை. ஷேக் அவரை விசாரித்துப் பார்த்து அனுமதித்தார். அஸ்ஹர் முற்றத்தில் மற்ற மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து இஸ்லாமியச் சட்டப் பாடங்களைக் கேட்டார்.

கதவைத் திறந்தவர்கள் பற்றியும் யோசிக்கணும். ஐரோப்பிய வங்கிகளின் கடனில் எகிப்து மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த பத்தாண்டுக்குள், 1882-ல், பிரிட்டிஷ் படை உள்ளே வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் என்றால் சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்த நேரத்தில் ஒரு யூத இளைஞரை அவர்கள் உள்ளே விட்டார்கள். கோல்ட்சிஹரும் எகிப்தில் ஐரோப்பியர்கள் அனுபவித்த சலுகைகளை வெறுப்போடுதான் பார்த்தார். ஜமாலுத்தீன் அல்-ஆஃப்கானியைச் சந்தித்துப் பழகியதும் இந்தக் கெய்ரோ நாட்களில்தான்.

ஒரு நெருடலும் இருக்கிறது. ஜும்ஆ தொழுகையில் கலந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது திறந்த வழியில் கிடைக்காது என்பதால், ஒரு நண்பரின் உதவியோடு, உள்ளூர் உடையில் கெய்ரோ பள்ளிவாசல் ஒன்றுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து தொழுதார். வேவு பார்க்கப் போனதில்லை. வாழ்நாளில் அவ்வளவு பக்தியோடு இருந்த நாள் வேறில்லை என்ற அளவுக்குப் பின்னாளில் நாட்குறிப்பில் உருகியிருக்கிறார். தானும் உள்ளுக்குள் ஒரு முஸ்லிம்தான் என்று நம்பிய காலம் அது என்றும் எழுதிவைத்திருக்கிறார். இருந்தாலும் பக்கத்தில் நின்று தொழுதவருக்கு அவர் யாரென்று தெரியாதே! அஸ்ஹருக்குள் நேர்வழியில் போனவர், இந்த ஒரு இடத்தில் குருவின் வழியில்தான் போயிருக்கிறார். அவரை வியந்து எழுதுபவர்கள் இந்தக் காட்சியை அழகான கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

1874-ல் அப்பாவின் மரணம் அவரை ஊரோடு கட்டிப்போட்டது. குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது.

பகலில் அலுவலகம், இரவில் அரபு

நியாயமாகப் பார்த்தால் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்திருக்க வேண்டும். ஆதரவாக இருந்த அமைச்சர் எட்வெஷ் 1871-லேயே இறந்துவிட்டார். யூதர் என்பது பெரிய தடை. ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால் தடை விலகும். வாம்பெரி உட்படப் பலர் அப்படித்தான் மேலே போனார்கள். கோல்ட்சிஹர் மறுத்துவிட்டார்.

1876-ல் பெஸ்ட் நகர யூத சமூக நிர்வாகத்தில் செயலாளர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் 30 வருஷம். மனு, கடிதம், கணக்கு, கூட்டக் குறிப்பு. அங்கே பட்ட அவமானங்கள் நாட்குறிப்பு முழுக்க இருக்கின்றன. உலகமே கொண்டாடிய நூல்களை எழுதியது மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும்தான். 1889-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த கீழைத்தேய அறிஞர்கள் மாநாட்டில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டு, திரும்பவும் அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கேம்பிரிட்ஜ் கூப்பிட்டது, போகவில்லை. சம்பளத்தோடு முழுநேரப் பேராசிரியர் ஆனது 1905-ல். வயது 55.

நடுவில் ஹங்கேரியில் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்கணும். 1882-ல் திசாஎஸ்லார் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவச் சிறுமி காணாமல் போனாள். மதச் சடங்குக்காக யூதர்கள் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, வழக்கே நடந்தது. அடுத்த ஆண்டு எல்லோரும் விடுதலை ஆனார்கள். ஆனாலும் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்தன. ஒரு மதத்தைப் பற்றி வெளியாட்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, இஸ்லாத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த இந்த மனிதர் தன் சொந்த மக்களிடம் பார்த்தார்.

சரி, ஹதீஸ் பற்றி அவர் சொன்னதுதான் என்ன?

நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம் பற்றிய அறிவிப்புகளே ஹதீஸ்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அறிவிப்பாளர் வரிசை இருக்கும். இவரிடம் கேட்டு அவர் சொன்னார், அவரிடம் கேட்டு இன்னொருவர் சொன்னார் என்று அது நபித்தோழர் வரை போகும். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்கள் ஏராளம் என்பது கோல்ட்சிஹர் கண்டுபிடித்த விஷயமே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்களுக்கு அது தெரியும். இமாம் புகாரி சுமார் 6 லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பது மரபு. அவர் தொகுப்பில் இருப்பவை, திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 7,000 சொச்சம். ஸஹீஹ், ளயீஃப் என்ற தரம் பிரிப்பு தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் பழகிய பேச்சுதான்.

அப்போ புதுசா என்ன சொன்னார்? 1889, 1890-ல் இரண்டு பாகமாக வந்த அவருடைய முஹம்மதிய ஆய்வுகள் நூலின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது விஷயம். மரபான அறிஞர்கள் வரிசையில் இருக்கும் ஆட்கள் நம்பகமானவர்களா என்பதில்தான் அதிகம் கவனம் வைத்தார்கள். கோல்ட்சிஹர் உள்ளடக்கத்தைப் பார்த்தார். உமய்யாக்களுக்கும் அவர்களுடைய எதிரிகளுக்கும் நடந்த சண்டை, சட்டப் பள்ளிகளுக்குள் நடந்த வாதம், பிரிவுகளின் போட்டி எல்லாம் ஹதீஸ்களுக்குள் எதிரொலிக்கின்றன என்றார். அதனால் ஹதீஸ் தொகுப்பின் பெரும்பகுதியை நபிகளின் காலத்துக்கான நேரடிச் சான்றாக எடுப்பதைவிட, முதல் இரண்டு நூற்றாண்டுகளில் முஸ்லிம் சமூகம் எப்படி யோசித்தது, எதற்காகப் போராடியது என்பதற்கான சான்றாகப் படிக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

நம்பிக்கையாளருக்கு இது லேசான விஷயம் இல்லை. தொழுகை முறையிலிருந்து வாரிசுரிமை வரை ஹதீஸில்தான் நிற்கிறது. அதன் அடியில் கைவைத்தால் கோபம் வரத்தான் செய்யும். வெளியிலிருந்து ஆராய்பவர்கள் பல நேரம் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டுரை, இவர்களுக்கு ஐந்து வேளை.

ஆனால் இதே சந்தேகத்தை கோல்ட்சிஹருக்கு முன்பே எழுப்பிய ஒருவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். வில்லியம் மியூர், பிரிட்டிஷ் இந்தியாவின் உயர் அதிகாரி. ஃபாண்டர் என்ற மிஷனரி கேட்டுக்கொண்டதால் நபிகளின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். இவருக்கு ஹதீஸ் மீதான சந்தேகம், மதமாற்றப் பிரசாரத்துக்கான ஆயுதம். இதற்குப் பதில் எழுதுவதற்காகவே சர் சையத் அகமது கான் லண்டன் போய் நூலகங்களில் உட்கார்ந்தார். 1870-ல் அவர் பதில் நூல் வெளிவந்தது. எழுதியவர் கையில் அரசாங்கம், பதில் சொன்னவர் ஆளப்படும் நாட்டின் குடிமகன். இப்படி ஒரு மேடையில் நியாயமான விவாதம் நடக்குமா?

கோல்ட்சிஹரின் நெருங்கிய நண்பரே இன்னொரு உதாரணம். டச்சு அறிஞர் ஸ்நூக் ஹர்க்ரோன்யே 1885-ல் அப்துல் கஃப்பார் என்ற பெயரில், முஸ்லிமாகத் தன்னைக் காட்டிக்கொண்டு மக்காவில் தங்கினார். பிறகு ஆச்சே போரில் டச்சு காலனி அரசுக்கு ஆலோசகர் ஆனார். மக்காவில் பழகிச் சேர்த்த அறிவு ஆச்சே முஸ்லிம்களை அடக்கப் பயன்பட்டது. கோல்ட்சிஹருக்கு ஆள எந்த நாடும் இல்லை, ஆலோசனை கேட்க எந்த ராணுவமும் இல்லை. அது அவருடைய குணமா, ஹங்கேரிக்குக் காலனிகள் இல்லாததால் வந்த அதிர்ஷ்டமா என்பது தனிக் கேள்வி.

பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1883-ல் பாரிஸில் பேசிய உரையில், இஸ்லாமும் அறிவியலும் ஒத்துப்போகாது என்று அறிவித்தார். ஆஃப்கானி அதற்குப் பத்திரிகையில் பதில் எழுதினார். இனத்தை வைத்து மதத்தை அளக்கும் ரெனானின் போக்கை கோல்ட்சிஹர் 1876 நூலிலேயே எதிர்த்திருந்தார். ரெனான் இறந்த பிறகு ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் அவரைப் பற்றிப் பேச வந்தபோதும் அந்த விமர்சனத்தை விடவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் இது கொஞ்சம் அதிகம்தான்! பின்னாளில் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தில் ஆஃப்கானி பற்றிய பதிவை எழுதியவரும் கோல்ட்சிஹரே.

ஸுஹ்ரி விவகாரம்

அவர் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. அதிகம் அடிவாங்கிய இடம் ஒன்றைப் பார்ப்போம்.

இப்னு ஷிஹாப் அஸ்-ஸுஹ்ரி, ஆரம்பகால ஹதீஸ் அறிவிப்பாளர்களில் பெரும் புள்ளி. மக்கா எதிரணியின் கையில் இருந்தபோது, உமய்யா கலீஃபா அப்துல் மலிக் ஜெருசலேமில் பாறைக் குவிமாடத்தைக் கட்டி, மக்களின் பயணத்தை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார். அதற்குச் சாதகமான ஹதீஸைப் பரப்ப ஸுஹ்ரி உதவினார் என்பது கோல்ட்சிஹரின் வாதம். இதற்கு அவர் பெரிதும் நம்பியது வரலாற்றாசிரியர் யஅகூபியை.

சிரியாவிலிருந்து அஸ்ஹருக்குப் படிக்க வந்த முஸ்தஃபா அஸ்-சிபாயீ இதைக் கையில் எடுத்தார். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த ஓர் ஆசிரியர் அஸ்ஹர் வகுப்பிலேயே கோல்ட்சிஹரின் கருத்தை நடத்த, மாணவரான சிபாயீ மறுத்து வாதாடினார். அந்த வாதம் பின்னாளில் புகழ்பெற்ற நூலானது. அவர் வைத்த கேள்விகள் வெறும் கோபம் இல்லை. குவிமாடம் கட்டி முடிந்த ஹிஜ்ரி 72-ல் ஸுஹ்ரி இளைஞர். நாடறிந்த அறிஞராக ஆகியிருக்க வாய்ப்பு ஏது? கலீஃபாவோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதே அதற்குப் பிறகுதானே? யஅகூபி உமய்யாக்களை வெறுத்தவர். அவர் சாட்சியை மட்டும் நம்பலாமா?

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கூர்மை. ஆட்சியாளர்கள் எங்களை நிர்ப்பந்தித்தார்கள் என்ற பொருளில் ஸுஹ்ரி சொன்னதாக ஒரு வாக்கியம் உண்டு. கோல்ட்சிஹர் அதை, ஹதீஸ்களை இட்டுக்கட்டும்படி நிர்ப்பந்தித்ததாகப் புரிந்துகொண்டார். சிபாயீ சொன்னார்: மூலத்தில் அந்தச் சொல்லுக்கு முன் அல் என்ற சுட்டு இருக்கிறது. அது இருந்தால், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ்களை எழுத்தில் பதியச் சொன்னார்கள் என்று ஆகிவிடும். அதுவரை நினைவிலிருந்து சொல்லிவந்ததை எழுதச் சொன்னதுதான் நிர்ப்பந்தம். ஒரு சின்ன அல் போனதில், ஒரு மனிதரின் நேர்மையே போய்விட்டது என்பது சிபாயீயின் வாதம். வேண்டுமென்றே திரித்தார் என்ற அவருடைய முடிவு அதிகப்படி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒருவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு முன் ஓர் எழுத்தைக்கூட விடாமல் பார்க்க வேண்டியது ஆராய்ச்சியாளரின் கடமை. அதில் சிபாயீ பக்கம்தான் நியாயம்.

குவிமாடத்தைப் பற்றிய அந்தக் கோட்பாட்டை 1950-ல் மறுத்தவர்களில் எஸ்.டி. கோய்டைன் என்ற யூத அறிஞரும் உண்டு. அது இன்றும் வரலாற்றாய்வாளர்கள் நடுவே தீராத விவாதம்.

இறந்த பிறகும் முடியாத வாதம்

1910-ல் வெளியான இஸ்லாம் பற்றிய சொற்பொழிவுகள் என்ற அவருடைய நூல், அமெரிக்காவில் பேசுவதற்காகத் தயாரித்தது. உடல்நிலையால் அந்தப் பயணம் நடக்கவில்லை. 1946-ல் கெய்ரோவில் அது அரபியில் வந்தது. மொழிபெயர்த்தவர்கள் அஸ்ஹர் அறிஞரான முஹம்மது யூசுஃப் மூஸாவும் அவருடைய சகாக்களும். தடை செய்யச் சொல்லிக் கிளம்பவில்லை. மொழிபெயர்த்து, ஒப்புக்கொள்ளாத இடங்களில் குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். இது போதாது என்று நினைத்த ஷேக் முஹம்மது அல்-கஸ்ஸாலி முழு மறுப்பு நூலே எழுதினார். கோல்ட்சிஹரைத் தொடர்ந்து படித்தால் தெரியும், அவருக்கு இது பிடித்திருக்கும்.

அவருடைய சுமார் 6,000 புத்தகங்கள் 1924-ல் ஜெருசலேமில் உள்ள நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. யூத மதத்தை இனமாகவோ தேசமாகவோ பார்க்க மறுத்து, சியோனிசத்திலிருந்து விலகி நின்றவரின் நூலகம் அது. நாட்குறிப்பு அச்சானது 1978-ல். எட்வர்ட் சைத் கீழைத்தேயவியலை உலுக்கிய நூலை வெளியிட்டதும் அதே ஆண்டு. பிரிட்டன், பிரான்ஸ் என்ற இரு பேரரசுகளின் அறிவுத்துறையைத்தான் சைத் முக்கியமாக எடுத்துக்கொண்டார். ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள் ஓரமாக நின்றுவிட்டார்கள். கோல்ட்சிஹருக்கும் சில வரிகள்தான்.

ஹதீஸ் வாதத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உத்தரப் பிரதேசத்தின் மவூ, நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே பிறந்து தேவ்பந்திலும் அஸ்ஹரிலும் படித்த முஹம்மது முஸ்தஃபா அல்-அஃஸமி, 1960-களில் கேம்பிரிட்ஜுக்குப் போய், ஹதீஸ்கள் மிக ஆரம்பத்திலேயே எழுதப்பட்டன என்று வாதிட்டு டாக்டர் பட்டம் வாங்கினார். கோல்ட்சிஹர் வழியில் வந்தவர்களுக்கு அவர்கள் பல்கலைக்கழகத்திலேயே சொன்ன பதில் அது.

அதே மவூவைச் சேர்ந்த இன்னொரு ஆலிம் ஹபீபுர் ரஹ்மான் அல்-அஃஸமி. எமனைச் சேர்ந்த அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்ற பழம்பெரும் தொகுப்பைக் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து பதிப்பித்தார். 1970-லிருந்து 1972 வரை பெய்ரூட்டில் 11 பாகங்களாக அது வெளிவந்தது. ஹரால்ட் மோட்ஸ்கி என்ற ஜெர்மானியர், முஸ்லிம் அல்லாதவர், அந்தப் பதிப்பை வரிசை வரிசையாக அலசினார். கோல்ட்சிஹரும் அவருக்குப் பின் வந்த ஷாக்ட்டும் நினைத்ததைவிட இந்த அறிவிப்புகளில் ஒரு பகுதி பழமையானது, மொத்தமாகச் சந்தேகிக்க முடியாது என்று 1991-ல் நூல் எழுதினார்.